மீன்பிடிப் பிரியரின் வீட்டுப் பட்டறை: முதல் வேலையாக எதை எடுப்பது?

தூண்டில் போடுவதில் ஓரளவு கை பழகியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை, சாமான்களை நாமே செய்து பார்க்க வேண்டும் என்பது. சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) முதல் வீச்சிலேயே பாறையில் மாட்டி தூண்டில் நரம்போடு அறுந்து போகிற நாளில் இந்த ஆசை இன்னும் முற்றும். மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு டிரில், ஆக்ஸா பிளேடு, இரண்டு மூன்று அரம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். எதில் ஆரம்பிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நான்கைந்து வேலைகளை ஒரே நேரத்தில் தொட்டுவிட்டு, எதையும் முடிக்காமல் மேசையையே மூடி வைத்தவர்கள் உண்டு.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பட்டறைகளில் வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் ஒன்றாகக் கிடக்கும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. முயலுக்குக் கண்ணி வைப்பதும் கவுதாரிக்கு வலை கட்டுவதும்கூடக் குற்றம்தான். அதனால் மீன்பிடிப் பக்கம் மட்டும் பேசுகிறேன். தூண்டிலை மூழ்கடிக்கும் ஈயக் குண்டு வார்ப்பது, வீச்சுவலை பின்னுவது, தூண்டில் கம்பு கட்டுவது, மர லூர் செதுக்குவது, தக்கை (மிதவை) செய்வது: நம் ஊரில் மனிதர்கள் உண்மையில் கை வைக்கிற வேலைகள் இவைதாம். இவற்றை எடைபோட நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம். வேலையில் தப்பு நடந்தால் அது வீட்டிலேயே கண்ணுக்குத் தெரியுமா, இல்லை மீன் மாட்டிய பிறகுதான் தெரியுமா? அந்த வேலையால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கெடுதல் உண்டா? செலவு, நேரம் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் எல்லோர் கண்ணும் போவது ஈயக் குண்டு மேல். கரையிலிருந்து வீசுகிறவர் அதிகம் இழப்பது குண்டைத்தான் என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை. காரீயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வீட்டு கேஸ் அடுப்பே போதும், பழைய இரும்புக் கரண்டியே பாத்திரம். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் ஆபத்தை யாரும் மதிப்பதில்லை. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கசடு படியும். அதை வழித்துப் போடும்போது பறக்கிற தூள் கையிலும் சட்டையிலும் தரையிலும் ஒட்டும். தரையில் தவழ்கிற குழந்தையின் வாய்க்கு அது போய்ச் சேர வெகுநேரம் ஆகாது. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. இது போக, அச்சில் துளி ஈரம் இருந்தாலும் அது கணத்தில் நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் இதே கதிதான். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ‘அச்சு நன்றாகக் காய்ந்துவிட்டது’ என்று யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் கந்தக அமிலமும் வேறு நச்சு உலோகங்களும் சேர்ந்தே வரும்.

தொலைந்து போன குண்டு தண்ணீருக்கடியில் சும்மா கிடப்பதும் இல்லை. பிரிட்டனில் அன்னப்பறவைகள் ஆற்றடியில் கிடந்த சிறு ஈயக் குண்டுகளைக் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கிச் செத்தன. அதனால் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையை அங்கே 1987-ல் தடை செய்தார்கள். பழவேற்காட்டுக்கும் பள்ளிக்கரணைக்கும் வருகிற வாத்துகளும் இரையை அரைக்கச் சின்னக் கல்லை விழுங்குகிறவைதான்.

இத்தனைக்கும் ஈயத்தால் கிடைக்கிற லாபம் நாம் நினைக்கிற அளவு பெரிதில்லை. நூறு கிராம் ஈயத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினால் 91 கிராம் எடையாக இழுக்கும். அதே நூறு கிராம் இரும்பு 87 கிராம் இழுக்கும். வித்தியாசம் நான்கு கிராம். கான்கிரீட் என்றால் 58 கிராமுக்கு இறங்கிவிடும், அது வேறு கதை. இரும்பின் பருமன் ஈயத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதனால் காற்றில் வீச்சு கொஞ்சம் குறையும், நீரோட்டம் சற்றுக் கூடுதலாகத் தள்ளும். கழிமுகத்திலும் பாறை இடுக்கிலும் போடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட நட்டு, போல்ட், பழைய ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை மெல்லிய நரம்பில் கட்டிவிட்டால் மாட்டும்போது அது மட்டும் அறுந்து மீனும் தூண்டில் முள்ளும் மிஞ்சும். ஆகவே குண்டு விஷயத்தில் வார்க்கவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. தனிக் கொட்டகை, காற்றோட்டம், கையுறை, முகக் கவசம் எல்லாம் வைத்திருக்கிறவர் இருக்கலாம். அவருக்கும் இது முதல் வேலையாக இருக்கக் கூடாது.

வீச்சுவலை இதற்கு நேர் எதிர். யாருக்கும் கெடுதல் இல்லை, செலவும் குறைவு. ஒரு வலை ஊசி, வலைக்கண்ணின் அளவுக்கு ஒரு மூங்கில் பட்டை, நூல், இவ்வளவுதான் கருவி. பட்டையின் அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் இழுத்துப் பிடித்த கண் அதன் இரட்டிப்பாக வரும். உச்சியில் சில டஜன் கண்ணோடு தொடங்கி, இறங்க இறங்க இடையிடையே கூடுதல் கண் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் வலை குடையாக விரியும். எந்தச் சுற்றில், எத்தனை கண் தள்ளிச் சேர்ப்பது என்ற கணக்குதான் இதில் முழு வித்தை. அதை எழுதி வைத்துப் படிப்பதைவிட, கோவளத்திலோ காசிமேட்டிலோ கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிற ஒரு பெரியவர் பக்கத்தில் நாலு சாயங்காலம் உட்கார்ந்தால் சீக்கிரம் பிடிபடும்.

ஆனால் நேரம்? இரண்டு மீட்டர் ஆரமுள்ள வலை விரிந்தால் ஓரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை மீட்டர். மொத்தம் ஐம்பதாயிரம் முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கை நிமிடத்துக்குப் பத்து முடிச்சு போட்டாலும் எண்பது மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போய்வருகிறவர் தினம் அரை மணி ஒதுக்கினால் அரை வருடம் ஓடிவிடும். அதுவும் பத்தாவது வரிசையில் கண் எண்ணிக்கை தப்பினால், முடித்து வீசிப் பார்க்கும் வரை பலருக்குத் தெரியவே தெரியாது. வலை ஒரு பக்கம் சுருங்கி விழும்.

இன்னொரு சிக்கல், வலையை எங்கே வீசுவது என்பது. ஏரியும் கண்மாயும் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். சாத்தனூர், பவானிசாகர், ஆழியாறு போன்ற அணைகளில் மீன்வளர்ச்சிக் கழகத்தின் கட்டுப்பாடு உண்டு. கரையில் ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரைக் குத்தகைதாரர் சில இடங்களில் விட்டுவிடுவார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் விடமாட்டார், விடவும் கூடாது. அவர் பணம் கட்டியிருக்கிறார். சிறு கண் வலை குஞ்சுகளையும் வாரிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே வலை, கடலோரத்திலோ கழிமுகத்தின் ஓரத்திலோ வீடு இருப்பவருக்கும், தூண்டிலுக்கு உயிர் இரை பிடிக்க வேண்டியவருக்கும் ஏற்ற வேலை. நகரத்து மாடி வீட்டுக்காரருக்கு அது கை வேலைப்பாட்டின் சந்தோஷம் தரும், அவ்வளவுதான்.

கம்பு கட்டுவது பற்றி இரண்டு விதமாகப் பேச வேண்டும். எதுவும் பொருத்தாத வெறும் தண்டு (பிளாங்க்) வாங்கி, நரம்பு ஓடும் வளையங்கள் (கைடு), பிடி, ரீலைப் பொருத்தும் இருக்கை (ரீல் சீட்) எல்லாம் தனித்தனியாக வரவழைத்து முழுக் கம்பு கட்டுவது ஒன்று. சாமான் செலவைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் கடையில் கிடைக்கிற நல்ல கம்பின் விலைக்கு மேலேயே போய்விடும். பணம் மிச்சப்படுத்த நினைப்பவருக்கு இது வழியே இல்லை. இன்னொன்று, கைடு உடைந்து மூலையில் சாத்தி வைத்த பழைய கம்பைச் சரிசெய்வது. இதில் கிடைக்கிற லாபத்துக்கு ஈடு வேறு எந்தப் பட்டறை வேலையிலும் இல்லை.

உப்புக் காற்றில் கைடின் கால் துருப்பிடிக்கும், உள்ளே இருக்கிற பீங்கான் வளையம் கண்ணுக்குத் தெரியாத அளவில் விரிசல் விடும். விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். வளையத்துக்குள் மெதுவாகச் சுற்றுங்கள். விரிசல் இருந்தால் ஒரு இழை பஞ்சு அதில் சிக்கி நிற்கும். பின்னல் இழையாலான பிரெய்டு நரம்பும் அதே இடத்தில்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டிருக்கும். பழைய நூல் சுற்றைப் பிளேடால் கைடின் காலுக்கு மேலாகக் கீறி எடுக்க வேண்டும். பிளாங்க் மேல் கீறல் விழுந்தால் அந்த இடத்தில்தான் பிற்பாடு கம்பு ஒடியும். புதுக் கைடின் காலை அரத்தால் கத்தி முனை போலச் சரித்துக்கொண்டால் நூல் படியில் ஏறுவதுபோல் மேலேறி இடைவெளி விழாமல் படியும். சுற்றி முடிக்கிற இடத்தில் ஒரு தனி நூல் கண்ணியை அடியில் வைத்து, அதன் வழியாக முனையை உள்ளே இழுத்து விட்டால் முடிச்சே இல்லாமல் நிற்கும். அதன் மேல் இரு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசை. பசை காயும் வரை கம்பு மெதுவாகச் சுழல வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் வழிந்து தொங்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றுகிற நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று மோட்டார் இதற்கு மிகக் கச்சிதம். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. அது பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது, ஆகவே வயர் இணைப்பைத் தெரிந்தவரிடம் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பசையைத் தொடாதீர்கள், ஈரப்பதத்தில் வெளுத்துப் பால் படர்ந்துவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. நூல் தளர்ந்திருப்பதோ கைடு கோடு விட்டு விலகியிருப்பதோ மேசையில் பார்த்தால் தெரியும். ஆனால் கைடுகள் சரியான இடைவெளியில் இருக்கின்றனவா என்பது கம்பு வளையும்போதுதான் தெரியும். அதனால் சுற்றும் முன் கைடுகளை ஒட்டுநாடாவால் ஒட்டி, நரம்பைக் கோத்து, முனையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மெல்லத் தூக்கிப் பாருங்கள். நரம்பு கம்பின் வளைவை ஒட்டியே ஓட வேண்டும். எங்காவது நேர்கோடாக வெட்டிப் போனால் அங்கே கைடு தள்ளியிருக்கிறது.

தக்கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜிலேபி மீனுக்கும் கெண்டைக்கும் உதிர்ந்த மயிலிறகின் தண்டே போதும், நம் கிராமத்துப் பையன்கள் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள். இன்னும் அழகாக வேண்டுமென்றால் நெட்டி. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் கோபுரமும் கோயிலும் செதுக்குகிற அதே நீர்ச்செடித் தண்டு. பிளேடால் வெட்டி, வண்ணம் பூசி, மேலே வார்னிஷ் அடித்தால் ஒரு மாலையில் நாலு தக்கை தயார். பிள்ளைகளைக் கூட உட்கார வைத்துச் செய்யலாம். ஆனால் பெரியவர் ஒருவரின் கை ஆசையைத் தீர்க்கிற அளவு அதில் வேலை இல்லை.

மிஞ்சுவது மர லூர். என் தேர்வும் இதுதான்.

மரம், வடிவம், எடை, நீர், மீனின் குணம், எல்லாம் இந்த அரைச் சாண் பொருளில் சேர்ந்து வருகின்றன. செய்த தப்பு வீட்டு வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும், அதைத் திருத்தவும் முடியும். பின்லாந்தின் லாரி ராபலா 1936-ல் தன் முதல் லூரைச் செய்தது பெரிய தொழிற்சாலையில் அல்ல. கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டி, பழைய புகைப்பட நெகட்டிவைக் கரைத்து வார்னிஷ் போல் பூசினார். அவர் பெயரிலுள்ள லூர்தான் இன்று உலகம் முழுக்கக் கடைகளில் தொங்குகிறது.

மரத்துக்கு நீங்கள் அலைய வேண்டாம். இயந்திரங்கள் வந்து இறங்குகிற பைன் மரப் பேக்கிங் பெட்டிகள் பழைய மரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பலகையில் ‘எச்டி’ என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள், அது வெப்பத்தால் பதப்படுத்தியது. ‘எம்பி’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். மலைவேம்பும் கல்யாண முருங்கையும் இன்னும் லேசு, செதுக்கச் சுகம், ஆனால் கொடுவா கடித்தால் பல் பதிகிற அளவுக்கு மென்மை. தேக்குச் சீவல் உறுதிதான், மிதப்பு போதாது.

முதல் லூராக, நீர்மட்டத்தில் மிதந்து இழுக்கும்போது தண்ணீரைத் துப்புகிற பாப்பரைச் சொல்வேன், முகத்தில் நாக்கு போன்ற தகடு வைத்த மூழ்கும் வகை வேண்டாம். பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் பருமன், வால் பக்கம் ஒடுங்கிய உடல். இதன் கொள்ளளவு சுமார் 24 கன சென்டிமீட்டர் வரும். பைன் மரத்தில் உடல் எடை 12 கிராம். கம்பி ஒன்றரை கிராம், இரண்டு மும்முள்ளும் (மூன்று முனையுள்ள முள்) வளையங்களும் ஐந்து கிராம், வாலில் பாரத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு மூன்று கிராம். மொத்தம் இருபத்தொன்றரை. 24-க்குள் நிற்பதால் மிதக்கும், அதுவும் வால் தாழ்ந்து, முகம் மட்டும் மேலே தெரிய மிதக்கும். பாப்பருக்கு வேண்டிய நிலை அதுவே. கடல்நீர் சற்று அடர்த்தி என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாக எழும். வாளியில் லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு கரைத்தால் வீட்டிலேயே கடல்நீர் கிடைத்துவிடும்.

முகத்தின் குழிவுதான் பாப்பரின் உயிர். பதினாறு மில்லிமீட்டர் டிரில் பிட்டின் முனையால் லேசாகக் குழித்து, ஒரு கோலிக் குண்டில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் சீரான கிண்ணம் வரும். குழி ஆழமாக இருந்தால் இழுக்கும்போது ‘ப்ளக்’ என்று ஓசையோடு தண்ணீரைத் துப்பும், ஆனால் கை வலிக்கும். ஆழம் குறைந்தால் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு எளிதாக வரும். விராலுக்கு முதலாவதும் வேகமாக ஓட்ட வேண்டிய பாறை மீனுக்கு இரண்டாவதும் ஏற்றவை என்பது என் கருத்து.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுருக்கு வழி தேடாதீர்கள். மரத்தில் சின்னத் திருகு வளையம் முறுக்கி அதில் முள்ளை மாட்டுவது விராலுக்குக் கூடத் தாங்காமல் போகலாம். முத்துக்காட்டிலோ பழவேற்காட்டிலோ ஒரு நல்ல கொடுவா தலையை உதறினால் திருகு மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடிவயிற்றில் ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பள்ளம் அறுத்து, 1.2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியை முகத்திலிருந்து வால் வரை ஒரே துண்டாக ஓட்டி, வயிற்று வளையத்தையும் அதிலேயே முறுக்கி எடுங்கள். பாரத் துண்டையும் அதே பள்ளத்தில் வைத்து, பசையில் மரத்தூள் குழைத்து மூடிவிடுங்கள். மரமே பிளந்தாலும் நரம்பிலிருந்து முள் வரை கம்பி தொடர்ச்சியாக இருக்கும். மீன் உங்களிடம் வரும். நரம்பு அறுந்தால் ஒழிய, இரண்டு மும்முள்ளை வாயில் மாட்டிக்கொண்டு ஒரு மீன் சாகிற நிலைமையும் வராது.

வண்ணம் அடிக்கும் முன், நீர் புகாதபடி மெல்லிய பசைப் பூச்சு இரண்டு முறை. கம்பி நுழைகிற இடங்களில் தண்ணீர் புகுந்தால் மரம் ஊதி, மேல்பூச்சு வெடிக்கும். வண்ணத்துக்கு ஸ்பிரே, கண்ணுக்கு நகப்பூச்சு. செதில் வேண்டுமென்றால் காய்கறி வருகிற வலைப்பையை இறுக்கிச் சுற்றி மேலே ஸ்பிரே அடித்தால் போதும். வண்ணத்தில் நேரத்தை ரொம்பக் கொட்ட வேண்டாம். மேல்நீரில் தெறித்து ஓடுகிற பொருளின் நிழலும் ஓசையும்தான் மீனை இழுக்கிறது, செதிலின் நேர்த்தியை ரசிப்பது நாம்தான்.

அடுத்ததாக நாக்கு வைத்த லூர் செய்ய ஆசை வந்தால் பழைய சிடி தட்டு ஒன்றை எடுத்து வையுங்கள். அது 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட். மேலிருக்கிற வெள்ளிப் பூச்சைச் சுரண்டிவிட்டுக் கத்திரித்தால் நாக்குக்கு ஆகும். பாறையில் அடித்தால் சில சமயம் விரிசல் விடும், பழகுவதற்குப் போதுமானது.

வீட்டில் கைடு உடைந்த கம்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால்தான் மீன்பிடிக்கப் போவதே நின்றிருக்கிறது என்றால் மட்டும் வரிசையை மாற்றி முதலில் அதைக் கட்டுங்கள். கடற்கரைக் கிராமத்தில் இருந்து, வலை பின்னத் தெரிந்த தாத்தாவோ சித்தப்பாவோ வீட்டிலேயே இருந்தால், லூரைத் தள்ளி வைத்துவிட்டு அவரிடம் ஊசியை வாங்குங்கள். லூரை அடுத்த வருடமும் செதுக்கலாம். மற்ற எல்லோருக்கும் பாப்பர்தான். ஒரே அளவில் மூன்று உடல்களை ஒன்றாக அறுத்து, வாலில் வைக்கிற பாரத்தை மட்டும் இரண்டு, மூன்று, நான்கு கிராம் என்று மாற்றிச் செய்யுங்கள். உப்பு வாளியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மிதக்க விட்டுப் பார்த்துவிட்டு, எது வால் தாழ்ந்து சாய்ந்து நிற்கிறதோ அதற்கு முதலில் முள் மாட்டுங்கள். முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கிற எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட மறக்காதீர்கள். சோதனை வீச்சுகளில் முள் முதலில் ஏறுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரின் சட்டையில்தான்.